பாட்டுக்கு முன்னால் கதைக்கிறவன்

அவனுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கிழக்குக் கரையில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அவனே அதைத் தேவைக்கு மேல் சொல்லி வைத்திருக்கிறான். என் பங்குக்கு நானும் ஒரு தடவை சொல்லி அவனைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனமில்லை. லேபலின் பெயரையும் எழுத வழியில்லை. அதுவும் அவனுடைய பெயர்தான், பின்னால் ‘ரெக்கோர்ட்ஸ்’ என்று ஒரு வால்.

‘சுயாதீன இசை லேபல்’ என்று கார்ட் அடித்து வைத்திருந்தான். அதற்குக் கீழே மூன்று வரி: நிறுவனர், தலைவர், பிரதான கலைஞர். மூன்றும் ஒரே ஆள். நான் கார்ட்டில் இல்லை. நான் கலியாண வீடியோ எடிட் பண்ணிக்கொண்டிருந்தவன், என்னிடம் கம்ப்யூட்டர் இருந்தது, ஆகவே லேபலில் மிச்ச வேலை முழுவதும் என் தலையில். குரலைப் பதிவது, பீட்டோடு சேர்ப்பது, வெட்டுவது, ஒட்டுவது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் நான்.

“நாங்க சுயாதீனம் மச்சான். ஒருத்தன்ட கைக்குக் கீழயும் இல்ல” என்பான், நெஞ்சைத் தட்டி. எங்களைக் கைக்குக் கீழ் எடுக்க யார் வரிசையில் நின்றார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கட்டாரில் ஒரு பண்டகசாலையில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது ஒரு நல்ல மைக், ஒரு ஹெட்போன், முன்னால் விளிம்பு நீட்டிய ஒரு தொப்பி கொண்டுவந்தான். அந்தத் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சுஜூதில் நெற்றி நிலத்தில் பட வேண்டும் என்பதற்காகத் தொழும்போது மட்டும் முன்பக்கத்தைப் பின்னுக்குத் திருப்பிப் போடுவான். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு தொப்பி மறுபடி முன்னுக்கு வந்துவிடும்.

ஸ்டூடியோ அவனுடைய மாமாவின் தளபாடக் கடை மேல்மாடியில் இருந்தது. விற்காத மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள், அதுதான் எங்கள் ஒலித்தடுப்பு. கீழே ஒரு மெத்தை விற்றால் மேலே வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் நாள் பதிந்த பாதிக்கும் அடுத்த நாள் பதிந்த பாதிக்கும் சத்தம் ஒத்துவராது. மாமாவுக்கு வியாபாரம் நடந்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

அதுமட்டுமா? கல்முனையில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு முடியும்போது அடுத்ததில் தொடங்கும், அது முடிய இன்னொன்று. ஆகவே நண்பகல் லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் இடையில்தான் எங்கள் ரெக்கோடிங். பாங்கு சொல்லி முடியும் வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம். அவனும்தான். அவன் சும்மா இருந்து நான் பார்த்தது அந்த நேரங்களில் மட்டும். சில நாள் இன்னும் ரெண்டு பள்ளி கூட இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அவனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவேன்: தன் சத்தம் இல்லாத பாட்டை அவனால் தாங்க முடியாது. லேபலில் யார் பாடினாலும் முதலில் அவன் வருவான். “சலாம் கிழக்கு! கேக்குதா? காதத் தொறந்து வை!” என்று தொடங்கி, தன் பெயர், லேபலின் பெயர், பாடுகிறவனைத் தான் எப்படிக் கண்டுபிடித்தான் என்ற கதை, நன்றி, பிறகு மறுபடியும் தன் பெயர். அரை நிமிடத்துக்குக் குறையாது. பாடவந்தவன் அதுவரை தன் பாட்டுக்கு வெளியே காவல் நிற்க வேண்டும்.

கோமாரியிலிருந்து ஒருத்தன் வந்தான். மீன்பிடிக்கிற குடும்பம். கரைவலை இழுக்கும்போது கயிறு உள்ளங்கையை அறுப்பதைப் பற்றி ஒரு ராப் எழுதியிருந்தான். அப்படி ஒரு பாட்டு எங்கள் மெத்தைகளுக்கு நடுவில் அதற்கு முன் கேட்டதில்லை. அவன் போனதும் நம்மாள் மைக்குக்கு முன்னால் போய் நின்றான். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் “ஆ!”, “ஓம்!”, “சொல்லுடா!” என்று கத்தி வைத்தான்.

“ஏன்டா இப்பிடி?” என்றேன்.

“இதான் மச்சான் சூடேத்துற. இல்லாட்டி பாட்டு செத்துரும்.”

அடுத்த கிழமை கோமாரிக்காரன் வந்து ஹெட்போனைப் போட்டுக் கேட்டான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கழற்றி மேசையில் வைத்தான்.

“அண்ணே, நல்லாத்தான் இரிக்கி. ஆனா இதுல நான் எங்க இரிக்கன்?”

“நீ பின்னால இரிக்காய்தானேடா!” என்றான் நிறுவனர், தலைவர், பிரதான கலைஞர்.

கோமாரிக்காரன் சிரித்துவிட்டு பஸ் ஏறியவன்தான். பிறகு நாங்கள் போன் எடுத்தாலும் பதில் இல்லை.

எரிச்சல் என்னவென்றால் நம்மாள் நல்லாக ராப் பாடுவான். மூச்சு விடாமல் பதினாறு வரி போவான், ஒரு எழுத்து பிசகாது. ஒன்றுமே தெரியாதவனாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்தக் கரையில் பாடுகிற பொடியன்களுக்கு ஒரு மைக்கைக் காட்டியவனும் அவன்தான். காட்டிவிட்டுத் தானே அதற்கு முன்னால் நின்றான், அவ்வளவுதான்.

ஒரு சாவு வீட்டின் ஜனாஸா அறிவித்தலையும் அவன் விட்டுவைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு முதியவர் மௌத்தாகிவிட்டார். அன்றைக்கென்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுது. ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊரைச் சுற்றலாம், குரலை மட்டும் பதிந்து தாருங்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஊர்களில் மௌத்து அறிவித்தலில் பெயரைக் கேட்டு ஒருத்தரும் எழும்ப மாட்டார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இன்னாருடைய தகப்பன், இன்னாருடைய மாமனார், இன்ன கடைக்காரரின் காக்கா, இன்ன வீதி என்று வரும்போதுதான் சோற்றுக் கையோடு “இன்னாலில்லாஹி” என்று எழும்புவார்கள். பெயர் சும்மா ஒரு ஒப்புக்கு. ஆளைக் காட்டுவது உறவும் வீட்டு வளவும் பட்டப்பெயரும்தான்.

இதெல்லாம் அவனுக்கும் நன்றாகத் தெரியும். உறவுமுறை ஒன்றும் தவறாமல் அழகாகத்தான் வாசித்தான். கடைசியில் என்ன செய்தான் தெரியுமா? “அறிவிப்பது உங்கள்…” என்று தன் பெயரையும் லேபலையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். ஓட்டோ அதையும் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியது. பள்ளிவாசல் செயலாளர் படியேறி வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது.

“மௌத்தாப்போனது ஆரு தம்பி? நீயா?” என்றார்.

ஊர் ஒரு மாதம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண்பிள்ளை பாட வந்தாள். அட்டாளைச்சேனை, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தாய் ஒரு மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சீலை எடுக்கப் போறமெண்டு சொல்லிட்டு வந்திரிக்கம் மகன். வாப்பாக்குத் தெரியா. ஒரு பாட்டுதான். பாடித் தீத்துட்டாளெண்டா புள்ளட மனசு ஆறிரும்.”

பாட்டு வீட்டைப் பற்றியது. எங்கள் பக்கம் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும். அவளுக்கும் ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். வீடு அரைவாசி எழும்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, மேல்மாடியும் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தகப்பன் மிஞ்சியிருந்த வயலையும் விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் மைக்குக்கு முன்னால் நின்று, கொப்பியைக்கூடப் பார்க்காமல், சத்தம் போடாமல் சொன்னாள்:

மூணு அறை காணாதாம், மேல்மாடி வேணுமாம்,
வாப்பாட வயல் வித்து வாசல்நிலை வைக்கணுமாம்.
எனக்கெண்டு வீடு கட்டுறாங்க, நான் கேக்கல்ல.
என்னையும் சேத்துக் குடுக்கிறாங்க, என்னைக் கேக்கல்ல.

ரெண்டே தடவையில் பதிந்து முடித்தோம். தாய் அழுதுகொண்டிருந்தார்.

பாடுவதற்கு முன்பே ஒரு விஷயத்தை அவள் பேசி முடித்திருந்தாள். இந்தப் பாட்டு யாருடையது என்று தெரியவந்தால் கலியாணம் குழம்பும், வாப்பா தலை நிமிர்ந்து தெருவில் போக முடியாது, தன்னைப் படிப்பிக்கப் போகவும் விடமாட்டார்கள் என்றாள். நம்மாள் குறுக்கே பாய்ந்தான்.

“வல்லாஹி தங்கச்சி, ஒங்கட பேரு வெளிய வராது. லேபல்ட வாக்கு!”

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீங்களா காக்கா ஏத்துற?”

“ஓம், நான்தான்.”

“அப்ப நீங்க சொல்லுங்க. பேரோ ஊரோ ஒண்டும் வராதுதானே?”

“வராது. என்ட பொறுப்பு” என்றேன். குரலையும் கொஞ்சம் தடிப்பாக்கி மாற்றித் தருவதாகச் சொன்னேன். அதை ஒழுங்காகச் செய்தும் முடித்தேன். பெற்ற தாய்க்கே பிடிபடாத மாதிரி மாற்றினேன்.

ஏற்றுகிற நாள் ஒரு வியாழக்கிழமை. அஸருக்குப் பிறகு அவன் பேசிப் பதிந்த ஒரு துண்டும் கூடவே ஒரு குரல் செய்தியும் என் போனில் வந்து விழுந்தன. “மச்சான், இந்தப் பாட்டுக்குப் புதுசா பேசியிரிக்கன். முன்னுக்கு ஒட்டு.”

இதைத்தான் சொல்ல வந்தேன். நான் அந்தத் துண்டைக் கேட்கவில்லை. ரெண்டு வருடமாக அவன் கத்துவதைக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. அவன் துண்டு வந்தால் கம்ப்யூட்டரில் அலையை மட்டும் பார்ப்பேன். ஆரம்பத்தில் வெற்றிடம் இருந்தால் வெட்டுவேன், பாட்டுக்கு முன்னால் ஒட்டுவேன், அவ்வளவுதான். என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறான்? அன்றைக்கும் அப்படித்தான். கலியாண வீடியோ ஒன்று கொடுக்க வேண்டிய அவசரம் வேறு. ஒட்டினேன், ஏற்றினேன், கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்கு முன்னால், அவளுடைய தாய் எனக்குப் போன் எடுத்தார். பேசவில்லை, அழுதார். பிறகுதான் நான் பாட்டைப் போட்டு முன்னால் இருந்ததைக் கேட்டேன்.

“சலாம் கிழக்கு! பேரு சொல்லமாட்டன், வாக்குக் குடுத்திரிக்கன்! ஒண்டு மட்டும் சொல்லுவன். அட்டாளச்சேனை ரேடியோ ஹாஜியார்ர பேத்தி, கடக்கரைப் பக்கம் மேல்மாடி எழும்புற வீட்டுப் புள்ள, டீச்சர்! இவட வாயில இரிக்கிது நெருப்பு!”

ரேடியோ ஹாஜியார் என்பது அவளுடைய வாப்பாவின் வாப்பாவுக்கு ஊர் வைத்த பெயர். அவர் மௌத்தாகி எத்தனையோ வருடம். இன்னும் அந்த வீட்டுக்கு வழி கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் காட்டுவார்கள். அவளுடைய பெயரையே சொல்லியிருந்தால்கூட ஊர் ‘எந்தப் பிள்ளை?’ என்று ஒரு நாளாவது தேடியிருக்கும்.

ஓடினேன். அவன் மெத்தையில் சாய்ந்துகொண்டு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

“என்னடா செஞ்சிரிக்காய்? அந்தப் புள்ளட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

“பேரு சொன்னனாடா?” என்றான். உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. கண்ணை விரித்துக்கொண்டு கேட்டான். “சொல்லல்லதானே? வாக்குண்டா வாக்குத்தான். நல்லாக் கேட்டுப் பாரு, பேரு எங்க இரிக்கி?”

“ரேடியோ ஹாஜியார்ர பேத்தி எண்டா ஆருக்குடா தெரியாது?”

“அது பேரா? அது ஒரு இதுக்குச் சொல்றது. ஆரு பாடுறாண்டு தெரியாட்டி சனம் எப்பிடி மச்சான் கேக்கும்? வரலாறு எழுதிட்டிரிக்கம், நீ என்னடா எண்டா…”

மௌத்து அறிவித்தலில் எது ஆளை எழுப்பும் என்று தெரிந்து ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தவன். தன் வாய் திறந்தால் மட்டும் அந்த அறிவு எங்கே போகுமோ தெரியாது. சீ, இதற்கு மேல் அவனோடு என்ன கதைப்பது? பாட்டை நானே அழித்தேன். அதற்குள் ஊரில் ஆளுக்கொரு பிரதி போனில் இருந்தது. மேல்மாடி கேட்டவர்களின் போனிலும் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, “கொஞ்சம் யோசிக்கிறம்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். தகப்பன் மேசன்மாரை நிற்பாட்டினார். பிள்ளையை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பாலர் பாடசாலைக்கு இனிப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவள் போகவில்லை. அந்தச் சின்னஞ்சிறுசுகள் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தனவாம், டீச்சர் எங்கே என்று.

நான் லேபலை விட்டேன். அன்றைக்கே விட்டதாகச் சொல்ல ஆசைதான், ஒரு கிழமை எடுத்தது.

சில மாதம் போய் அவன் மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்பட்டான். எங்களில் ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள். எதிரியாக இருந்தாலும் வாசலில் வந்து நின்றால் மனம் இளகிவிடும். இவன் என்ன செய்தான்? வீடியோ போட்டான். வெள்ளை ஜுப்பா, தலையில் அதே தொப்பி. “சலாம் கிழக்கு! கேக்குதா?” என்று தொடங்கினான். யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான். பின்னால் மெல்லிசாக பீட் போனது. முடிவில் லேபலின் பெயர் சுழன்றது. அட்டாளைச்சேனைக்கு அவன் போகவில்லை. கல்முனையிலிருந்து எவ்வளவு தூரம்? ஓட்டோவில் ஏறினால் போய் இறங்கலாம்.

உம்றா முடித்து வந்தவன் கொஞ்ச நாளில் மறுபடி கட்டாருக்குப் போய்விட்டான். அந்த மெத்தைகளை மாமா விற்று முடித்துவிட்டார்.

அந்த வீடியோவைப் பார்த்த ஆத்திரத்தில்தான் நான் அட்டாளைச்சேனைக்குப் போனேன். அவன் போகாத இடத்துக்கு நான் போகிறேன் என்று ஒரு பெருமையும் உள்ளே இருந்தது, மறைக்கவில்லை. மேல்மாடிக்கு விட்ட கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. தகப்பன் வயலில். தாய் கதிரை போட்டுத் தேத்தண்ணி வைத்தார். அவள் அறை வாசலில், மறைப்புச் சீலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். காலடி மட்டும் தெரிந்தது.

நான் தொடங்கினேன். அவன் எப்படிப்பட்டவன், கோமாரிக்காரனுக்கு என்ன செய்தான், ஜனாஸாவில் என்ன செய்தான், வெட்கம் ரோசம் இல்லாதவன், மன்னிப்புக் கேட்கவும் பீட் போடுகிறவன், இப்படி ஒருத்தனை நம்பி ரெண்டு வருடத்தை நாசமாக்கினேன் என்று. எனக்கே மூச்சு வாங்கியது. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

“முடிஞ்சிதா காக்கா?” என்றாள் சீலைக்குப் பின்னால் இருந்து. பாட்டுக்காக நான் மாற்றுவதற்கு முன் இருந்த அந்தக் குரல்.

“ஓம்.”

“அவரு கத்துறவர். அது எனக்கு அண்டைக்கே தெரியும். அதனாலதான் நான் அவர்ட்ட கேக்கல்ல. ஒங்களிட்டக் கேட்டன்.”

தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவரு வீடியோ போட்டிருந்தாரு, பாத்தன். அவர நான் பொறுத்துட்டன்” என்றாள்.

என்னைப் பொறுத்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.